சனிக்கு அப்பால் ஒரு சமையலறை

இன்றைக்கும் நாடகத்தில் முதலில் வாய் திறக்கப் போவது அந்த வத்சலாதான் என்று அஞ்சுகத்துக்குத் தெரியும். முருங்கைக் கீரையை மடியில் போட்டுக்கொண்டு, பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போனைப் பார்த்தபடி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். போனில் படம் எதுவும் வராது. கறுப்பாக இருக்கும், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு புழு மாதிரி நெளியும், அவ்வளவுதான். ஆனாலும் அதிலிருந்து கண்ணை எடுத்தால் தனக்குத் தெரியாமல் எதையோ செய்துவிடுவார்கள் என்று தோன்றியது. இந்த முக்கோணத்தைத் தொடும்மா, அப்பா நாடகம் தானா ஓடும் என்று பெங்களூரிலிருந்து மகள் இந்து சொல்லிக் கொடுத்திருந்தாள். அப்பா நாடகம். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா நாடகம். இன்றைக்கு அது முடிகிறது. முடிவை எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டுமாம், அதற்காக அவள் புருஷன் திருஞானம் மத்தியானமே கிளம்பித் தில்லைநகருக்குப் போய்விட்டார், பதிவு பண்ணுகிற அந்த மாடி அறைக்கு, இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரின தலை. எல்லாரும் என்றால் யார் யார்? நீயும் வாயேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். செருப்பை மாட்டின பிறகு கேட்பது ஒரு கேள்வியா? கீரை கெட்டுப்போயிரும், நீங்க போய்ட்டு வாங்க என்றாள். சரி என்றார். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் போயிருப்பாளோ என்னமோ, அந்த இன்னொரு தடவைக்குத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அதற்குள் அவர் படி இறங்கியாகிவிட்டது. கீரையின் காம்பை உருவினாள். பொடி இலையெல்லாம் மஞ்சள் விட்டுக் கிடந்தது, கீரைக்காரி மேலே பச்சையை வைத்து உள்ளே பழுத்ததைச் சொருகியிருக்கிறாள், எதையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது, யாரையும் நம்பக் கூடாது.

போனில் கரகரவென்று ராக்கெட் ஓட ஆரம்பித்தது. ராக்கெட் ஒன்றுமில்லை, அது அவளுடைய தேங்காய்த் துருவி. காய்ந்த கொட்டாங்கச்சியை அதில் போட்டு இழுக்கிறார்கள். அப்புறம் டணங் என்று கதவு மூடும், அது அவளுடைய இட்லிக் குண்டான், சடசடவென்று விண்கற்கள் வந்து மோதும், அது அவளுடைய முறத்தில் போட்டுப் புடைக்கிற காராமணி. ஒவ்வொரு வாரமும் ஒரு சாமானை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனார். நாடகத்துக்கு என்றார். பேசுகிற நாடகத்துக்கு இட்லிக் குண்டான் எதுக்கு? அவள் நம்பவில்லை. கீழ் வீட்டு மெஹருன்னிசா அக்காவிடம் சொன்னதுதான் தப்பு. அந்த அம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, ஏ அஞ்சு, குண்டான் போயிருச்சு, துருவி போயிருச்சு, முறமும் போயிருச்சா, அப்ப அடுத்து பாய்தான் போகும், பார்த்துக்க என்று சொல்லிவிட்டுத் தானே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சும்மா இருங்கக்கா, அறுபது வயசுல என்றாள் இவளும் சிரித்துக்கொண்டு. அறுபதுலதான்டி ஆம்பளைக்கு இட்லி மெத்துனு வேணும் என்றது. அன்று ராத்திரி எழுந்து போய்ப் பரண் மேல் சுருட்டி வைத்த கோரைப்பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள். வெட்கக்கேடு. ஆனால் பாய் இருந்தது. மூன்றாம் வாரம் நாடகத்தில் அந்த டணங் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது, மாயவரத்திலிருந்து வீடு மாற்றி வரும்போது லாரியிலிருந்து விழுந்து நசுங்கின மூடி அது, எந்தக் குண்டானுக்கும் அப்படி ஒரு சத்தம் வராது, கடைசியில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கும். அப்போ சாமான் நாடகத்துக்குத்தான் போயிருக்கிறது, இவர் பொய் சொல்லவில்லை. அரை நிமிஷம் மனசு லேசானது. அரை நிமிஷம்தான். அந்த மூடியைத் தூக்கித் தூக்கி மூடுவது யார் கை? அங்கே பெண் பிள்ளை என்று இருப்பது அவள் ஒருத்திதானே.

இதோ, பேசிவிட்டாள். "பூமியிலேர்ந்து இன்னிக்கும் பதில் இல்ல. ஆனா நாம கேட்டுக்கிட்டே இருப்போம்." தலைவி தாமரை. ராக்கெட்டின் தலைவி. தாமரையாம், வத்சலாதான் அது, தலைமுடியெல்லாம் நரைத்து முழங்கால் வலியோடு ஆட்டோவில் வந்து இறங்குகிற வத்சலா. ஆனால் குரல் மட்டும் கிணற்றடியில் குடத்தை வைக்கிற மாதிரி அப்படியே கணீரென்று இருக்கிறது. குரலுக்கு வயசே ஆகாது அஞ்சுகம் என்று ஒரு நாள் சாப்பிடும்போது திருஞானம் சொன்னார். அந்த வார்த்தை மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றது. தனக்குத்தான் வயசாகிவிட்டது, வத்சலாவின் குரலுக்கு ஆகவில்லை. அஞ்சுகத்துக்கும் இவருக்கும் கல்யாணமான வருஷம் இவர் எழுதின கதை இது, டிவியில் காட்டுவதற்கென்று எழுதினது. பஸ் கம்பெனி ஆபீஸில் பகல் முழுக்க டிக்கெட் கணக்கு, வீட்டுக்கு வந்தால் சனி கிரகத்துக்கு அப்பால் போகிற நாலு பேர். அவர்களுக்குப் பின்னால் பூமி பேசாமல் போய்விடுகிறது, பூமி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சென்னையிலிருந்து ஒரு தயாரிப்பாளர் வந்து இவர்களுடைய ஒற்றை அறை வீட்டில் காபி குடித்தார். வத்சலா அப்போது உள்ளூர் நாடக சபாவில் நடித்துக்கொண்டிருந்தாள், அவள்தான் தலைவி என்று முடிவாயிற்று. எட்டாவதோடு படிப்பை நிறுத்தித் தையல் பழகின அஞ்சுகம்தான் அவளுக்கு அளவெடுத்தாள். சாம்பல் நிறக் குடைத்துணியில் வெள்ளி ஜரிகைத் தாள் ஒட்டி ஒரு சட்டை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள் வத்சலா, டேப்பை எப்படிப் பிடித்தாலும் இடுப்பு தன் இடுப்பைவிடச் சிறியதாகத்தான் வந்தது. இவர் வாசலில் நின்று ராக்கெட் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். வாசலைப் பார்த்துக்கொண்டா பேசினார், உள்ளே பார்த்துக்கொண்டா? அதுதான் ஞாபகம் வரவில்லை. இத்தனை வருஷமாக அந்தக் காட்சியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், இவருடைய முகம் மட்டும் எந்தப் பக்கமும் திரும்ப மாட்டேன் என்கிறது. கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை. ராக்கெட் கட்டுற செலவுல ஒரு கல்யாண மண்டபமே கட்டிரலாம் சார், மண்டபமாச்சும் வாடகைக்குப் போகும் என்றார் தயாரிப்பாளர். போகிற போக்கில், முதல் வேலைக்கே சனியைக் கூப்பிடுறீங்களே, வெள்ளின்னு மாத்தியிருக்கக் கூடாதா என்றும் சொல்லிவிட்டுப் போனார். இவர் மாற்றமாட்டேன் என்றுவிட்டார். வெள்ளிச் சட்டை கொஞ்ச நாள் ஆணியில் தொங்கியது, அப்புறம் அதன் துணியில் இந்துவுக்கு ஒரு மழைத்தொப்பி தைத்தாள். அதோடு தொலைந்தது என்று நினைத்தாள். தொலையவில்லை. காதால் கேட்கிற நாடகமாகப் போடலாம் சார், ராக்கெட்டே கட்ட வேண்டாம் என்று படித்துவிட்டு வந்த நாலைந்து பேர் எங்கேயோ இதைக் கேள்விப்பட்டு வந்து நின்றார்கள். இவர் முதலில் கேட்டது, வத்சலா இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா என்பது.

"தலைவி, ஒரு அலை வருது!" யாரோ கத்தினார்கள். மாறன் என்று ஒரு இன்ஜினியர், ராக்கெட்டிலேயே பிறந்து வளர்ந்தவன், பூமி என்பதே பெரியவர்கள் கட்டிவிட்ட கதை என்று பன்னிரண்டு வாரமாகச் சண்டை போடுகிறவன். அஞ்சுகம் நிமிர்ந்தாள். வந்துவிட்டது, முடிவு வந்துவிட்டது. இந்த முடிவு அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் இவரே சொன்னது, கடைசியில ராக்கெட்டுல இருக்கிற டிவில ஒரு சமையல்கட்டு தெரியும், ஒரு பொம்பளை தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கிட்டு இருப்பா, பேச்சே கிடையாது, பூமி இருக்குன்னு அவங்களுக்குப் புரிஞ்சிரும், அதோட முடியுது என்று. யாரு அவ என்று கேட்டாள். யாரோ, பூமியில இருக்கிற யாரோ என்றார். அந்த யாரோ யார் என்று அப்போதே சந்தேகம். அந்தப் பொம்பளையாகவும் வத்சலாவையே நிற்க வைத்துப் படம் எடுத்துவிடுவார் என்று அன்றைக்கு நினைத்தாள். சரி, படம் இல்லை, இப்போது காட்டுவதற்கு ஒன்றும் கிடையாது, பேச்சும் கிடையாது என்றால் காதுக்கு எப்படித் தெரியும், என்ன செய்திருப்பார்? கீரையை உருவுகிற கை நின்றது. போனில் இரைச்சல். இரைச்சலுக்குள்ளே ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. சட்டென்று திரும்பித் தன் பின்னால் இருந்த குழாயைப் பார்த்தாள். குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது, அடியில் வைத்த எவர்சில்வர் டவராவில். ஆனால் போனில் விழுகிற சொட்டு வேறு நேரத்தில் விழுந்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. வாஷர் போன குழாய் ஊரில் எத்தனையோ இருக்கும். குக்கர் விசில் அடித்தது, முழுசாக அடிக்காமல் திக்கித் திக்கி, ரப்பர் போன குக்கர். அதுவும் எத்தனையோ இருக்கும். அப்புறம் ஒரு பெண் குரல், தூரத்திலிருந்து, "கா... கா... கா..."

"அது என்ன மொழி தலைவி?" என்றான் மாறன். "சாப்பிடக் கூப்பிடுற மொழி" என்றாள் வத்சலா. அஞ்சுகத்துக்கு அந்தப் பெண் குரலை அடையாளம் தெரியவில்லை. யாரோ கிழவி, தொண்டை கட்டின கிழவி, அவ்வளவு அவசரமாகவா காக்காயைக் கூப்பிடுவார்கள் என்றுகூட நினைத்தாள். அடுத்தாற்போல் அந்தக் கிழவி தொண்டையைக் கனைத்தாள், இரண்டு தரம், இரண்டாவது முதலைவிட நீளமாக. மடியிலிருந்த கீரை தரையில் கொட்டியது. நான். நான்தான். என் குழாய், என் குக்கர், என் ஜன்னல். போன அமாவாசை. அமாவாசைக்குத்தான் காக்காய்க்குச் சோறு வைத்துக் கூப்பிடுவாள், மற்ற நாளில் எந்தக் காக்காயையும் அவள் கண்டுகொண்டதில்லை. அன்றைக்கு இவர் போனை மறந்துவிட்டுப் போனார், இதே பருப்பு டப்பாவுக்குப் பின்னால். மறந்தாரா? சமையல் முடிகிற நேரத்துக்குத் திரும்பி வந்து, அட இங்கயா வெச்சேன் என்று எடுத்துக்கொண்டு போனார், முகத்தைப் பார்க்காமல். மறக்கவில்லை, வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திருடன் மாதிரி. போனில் இப்போது ஏதோ உராய்ந்தது, பெரிய சத்தமாக, இடி மாதிரி. அலை தடுமாறுது, பிடிங்க பிடிங்க என்று ராக்கெட்டில் அலறினார்கள். அலையும் இல்லை கிலையும் இல்லை. அது அவள்தான், அந்தப் போனை எடுத்து வத்சலா ஏதாவது அனுப்பியிருக்கிறாளா என்று பார்க்க, மாவுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் திரையை அழுத்தி அழுத்தி, பூட்டியிருக்கிறது என்று தெரிந்து திரும்ப வைத்தது. அதற்கப்புறம் என்ன செய்தாள்? கடுகு போட்டாள். கடுகு போட்டுவிட்டு, வீட்டில் யாரும் இல்லை என்று, அடுப்பைப் பார்த்துப் பேசினாளே. ஐயோ. பேசினாளே.

கடுகு வெடிக்க ஆரம்பித்தது. இவ்வளவு பெரிதாகவா வெடிக்கும், ராக்கெட்டில் உட்கார்ந்து கேட்டால் அப்படித்தான் இருக்குமோ. வரப்போகிறது. ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குத் தெரியும், பேசினபோதுகூட அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது. போறதுன்னா ஒரேயடியாப் போய்த் தொலைய வேண்டியதுதானே, எதுக்கு ஒவ்வொரு சாமானா. நானும் இந்த வீட்டுல ஒரு சாமான்தானே, என்னையும் ஒரு நாள் அந்த மஞ்சப்பையில போட்டுத் தூக்கிட்டுப் போய் அவ காலடியில வெச்சிருங்க. அது போகட்டும், அதைக் கேட்டால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அதற்கப்புறம் சொன்னது. நீங்க செத்தாக்கூட நான் அழமாட்டேன். அமாவாசை அதுவுமாய், காக்காய்க்கு எடுத்து வைத்த சோற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு, இவருடைய அப்பா அம்மா படத்துக்கு விளக்கேற்றின கையோடு சொன்னது. பெங்களூரில் இந்து கேட்டுக்கொண்டிருப்பாள், மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. தில்லைநகரில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வத்சலா கேட்டுக்கொண்டிருப்பாள், அவள்தான் முதலிலேயே கேட்டிருப்பாளே. போனை நிறுத்த எழுந்தாள். நிறுத்தினால் இங்கே மட்டும்தானே நிற்கும். கறிவேப்பிலை சடசடத்தது. எண்ணெய் இரைந்தது. அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள், இப்போது பொத்தினால் அப்போது பேசினது நின்றுவிடும் என்பதுபோல. எண்ணெய் இரைச்சல் ஒரு எட்டுத் தாண்டியது. துணியில் ஒட்டுப் போட்ட இடத்தை விரல் கண்டுபிடிக்கிற மாதிரி அவள் காது அதைக் கண்டுபிடித்தது. தாளிப்பு ஒரு கணம் உச்சத்தில் இருந்தது, மறுகணம் அடங்கி, குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. வெட்டியிருக்கிறார்கள். காக்காயை முதலில் கூப்பிட்டுவிட்டு அப்புறம் தாளிக்கிறார்களே, எந்த வீட்டில் அப்படி நடக்கும், எல்லாவற்றையும் வெட்டி, முன்னதைப் பின்னால் வைத்து, அவளைத் துண்டு துண்டாக்கித் தைத்திருக்கிறார்கள். பேச்சு இல்லை. மூச்சு வந்தது. முந்தானையை விட்டாள்.

ஆனால் ஒட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றை விட்டுவிட்டார்கள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஒருதரம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், அப்புறம் வளையல் கன்னத்தில் இடிக்கிற சின்னச் சத்தம். "அழறாங்களா தலைவி?" என்றான் மாறன், இத்தனை வாரமாகக் கத்திக்கொண்டிருந்தவன், தாழ்ந்த குரலில். குழாய் ஒரு சொட்டுப் போட்டது. "இல்லப்பா" என்றாள் வத்சலா அந்தக் கணீர்க் குரலில். "வெங்காயம் நறுக்கறாங்க. அங்க இன்னும் வெங்காயம் இருக்கு." கொட்டாங்கச்சி கரகரத்தது, ராக்கெட் திரும்பியது, வீட்டைப் பார்த்து. வீணை வாசித்தார்கள், யார் யாரோ பெயரைச் சொன்னார்கள், எழுதியது திருஞானம் என்றார்கள், வெள்ளைக் கோடு நேராகப் படுத்துக்கொண்டது. அஞ்சுகம் நின்ற இடத்திலேயே நின்றாள். வெங்காயமா? அமாவாசைக்கா? இந்த வீட்டில் எந்த அமாவாசைக்கு வெங்காயம் நறுக்கியிருக்கிறார்கள்? அது வேறு யாருக்கும் தெரியாது, இந்துவுக்குக்கூடத் தோன்றாது, இவருக்குத் தெரியும். வெங்காயம் இல்லாத சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டே அன்று இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டவர் அவர்தானே. அப்போ தெரிந்துதான் எழுதியிருக்கிறார். அழுததைக் கேட்டிருக்கிறார், அதற்கு முன்னால் பேசினதையும் கேட்டிருக்கிறார், கேட்டுவிட்டு இதோ இந்த வாசற்படி தாண்டி வந்து என்னடி என்று ஒரு வார்த்தை கேட்காமல், உட்கார்ந்து வெங்காயம் என்று எழுதியிருக்கிறார். தன்னைக் காப்பாற்றினாரா, மறைத்தாரா? எழுதினது அவர்தானா? இல்லை, வத்சலாதான் கேட்டுவிட்டு, பாவம் சார், வெங்காயம்னு வெச்சிருங்க என்று பெரிய மனசு பண்ணினாளா? அவளுடைய இரக்கமா அந்த வெங்காயம்? அப்படி மட்டும் இருந்தால்.

கீழே கிரில் கதவு கிறீச்சிட்டது. படியில் ஒவ்வொரு எட்டுக்கும் மஞ்சள் பைக்குள் குண்டானும் மூடியும் முட்டிக்கொண்டு வந்தன. அஞ்சுகம் உட்கார்ந்து கொட்டின கீரையைப் பொறுக்கினாள். திருஞானம் உள்ளே வந்து பையைத் தரையில் இறக்கினார். முறத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டிட்டாங்க அஞ்சுகம். அந்தக் காக்கா இடம் இருக்கே…"

"அன்னிக்கு அமாவாசை."

பைக்குள் விட்ட கையை அவர் எடுக்கவில்லை.

"அமாவாசைக்கு நான் எப்பங்க வெங்காயம் நறுக்கினேன்?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? அழறாங்கன்னா எழுத முடியும்?"

"நீங்க எழுதினதா, அவங்க சொன்னதா?"

"நான்தான்."

"வெட்டினதை யார் யார் கேட்டாங்க?"

"நான் மட்டும்தான். காதுல மாட்டிக்கிட்டு நானே உக்காந்து வெட்டினேன். அந்தப் பசங்களுக்கே தெரியாது."

"வத்சலாவுக்கு?"

"தெரியாது." குண்டானை எடுத்து வெளியே வைத்தார். "இது யார் வீட்டுச் சமையல்கட்டு சார்னு கேட்டா. எங்க வீடுன்னேன். உங்க வீட்டுக் குழாயைச் சரி பண்ணவே மாட்டீங்களான்னா."

கேட்டா என்கிறார். கேட்டாங்க என்று சொல்லவில்லை. எங்க வீடு என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் அஞ்சுகம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், எது கனம் என்று தெரியவில்லை. குண்டான் மூடியில் புதிதாக ஒரு நசுங்கல் இருந்தது.

"முழுசாக் கேட்டீங்களா? கடைசியில சொன்னது வரைக்கும்?"

"கேட்டேன்."

"கேட்டுட்டு ஒரு மாசமா என் கையால சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க."

"என்ன பேசுறதுன்னு தெரியல" என்றார் அவர். "நீ அங்க யார்கிட்டயோ பேசிக்கிட்டிருந்த. என்கிட்ட பேசல."

அவள் எழுந்தாள். "போனை எடுங்க." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதையும் தன்னுடையதையும் கொண்டுபோய்க் கூடத்து மெத்தையில் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒருதரம் கையை விட்டுத் துழாவினாள். பிடிதுணியைக் கிழித்துக் குழாய் வாயில் கட்டி, முனை டவராவுக்குள் தொங்குகிற மாதிரி விட்டாள்.

"உக்காருங்க" என்றாள். "வெட்டினதைத் திரும்பச் சொல்றேன். உங்ககிட்டயே சொல்றேன். நடுவுல எதுவும் பேசாதீங்க."

திருஞானம் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துணி வழியாகத் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அஞ்சுகம் தொண்டையைக் கனைத்தாள், இரண்டு தரம்.